மாஸ்டரின் நவீன நடனத்தைப் பாலே குழுவுக்குக் கற்றுக்கொடுப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

மேடையை விட்டு இறங்கிய பிறகு, நீங்கள் ஆடிய பழைய படைப்பு ஒன்றைப் புதிய குழுவுக்குச் சொல்லித்தர யாராவது உங்களைக் கூப்பிடலாம். அப்படிக் கூப்பிட்டால் என்ன செய்ய வேண்டும், எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் கோலாலம்பூரில் ஒரே மாஸ்டரிடம் 19 ஆண்டுகள் நவீன நடனம் ஆடினேன். இப்போது சுங்கை சிப்புட்டில், பிறந்த தோட்டத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறேன். ஈப்போவிலிருந்து பாலே குழுக்கள் இங்கே வருகின்றன, சில சமயம் நான் அங்கே போகிறேன். எனக்கு உதவியாக வந்து, அப்புறம் தனியாகச் சொல்லித்தரப் போன இளையவர்கள் எல்லாரும் ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் தடுமாறினார்கள். முதல் நாளே அடிகளைச் சொல்லித்தரத் தொடங்கிவிடுவார்கள். பாலே ஆடுகிறவர்கள் கெட்டிக்காரர்கள். அடி அவர்களுக்கு இரண்டு நாளில் வந்துவிடும். உடம்பின் எடையைத் தரைக்குக் கொடுப்பதற்கு இரண்டு வாரம் பிடிக்கும். கீழே உள்ள வரிசை முழுவதும் இந்த ஒரு காரணத்தால் அமைந்தது.

1. அனுமதியை எழுத்தில் வாங்குங்கள்

ஆடியவர் என்பதால் அந்தப் படைப்பு நமக்குச் சொந்தமாகிவிடாது. மலேசியாவின் 1987ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம் நடன அமைப்பையும் இலக்கியப் படைப்பு வகையில் சேர்த்திருக்கிறது. மாஸ்டர் உயிரோடு இருந்தால் அவரிடம், இல்லாவிட்டால் குடும்பத்தாரிடம் அல்லது அவர் பொறுப்பைக் கொடுத்துச் சென்றவர்களிடம் கடிதம் வாங்க வேண்டும். பெரிய பாலே உலகத்திலும் இதுதான் வழக்கம். அமெரிக்காவில் பாலேக்களை அமைத்த ஜார்ஜ் பாலன்சின் 1983இல் காலமானார். அவருடைய பாலேக்களுக்கு இன்று அனுமதி கொடுப்பது 1987இல் அமைந்த அறக்கட்டளை. கற்றுத்தர ஆளையும் அதுவே அனுப்புகிறது.

கடிதத்தில் எத்தனை முறை மேடையேற்றலாம், எந்த ஊர்களில், எந்தத் தேதி வரை என்று இருக்கட்டும். எதையாவது வெட்டலாமா, கடைசி முடிவு யாருடையது என்பதும் இருக்க வேண்டும். பிந்திய இரண்டையும் எழுதாமல் விட்டால் மேடை ஏறும் வாரத்தில் சண்டை வரும்.

இசைக்குத் தனி அனுமதி வேண்டும். ஒரு குழு நடனத்துக்கு மட்டும் வாங்கிவிட்டு இசையை மறந்துவிட்டது. கடைசி வாரத்தில் வேறு இசையைப் போட்டார்கள். மூச்சை வைத்து அமைத்த படைப்பு அது. பிள்ளைகள் அந்தப் புது இசைக்குள் அடியைத் திணிக்க வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து இரண்டு கடிதத்தையும் கையில் பார்க்காமல் நான் பையைத் தூக்குவதில்லை.

2. உங்கள் ஞாபகத்தை மட்டும் நம்பாதீர்கள்

நீங்கள் ஆடியது உங்கள் பாத்திரத்தை. பக்கத்தில் நின்றவள் என்ன செய்தாள் என்பதை நீங்கள் ஓரக்கண்ணால்தான் பார்த்திருப்பீர்கள். முதுகுக்குப் பின்னால் நடந்ததைப் பார்த்திருக்கவே மாட்டீர்கள். அதனால் குழுவைச் சந்திப்பதற்கு ஒரு மாதம் முன்பே ஒரு நோட்டைத் தொடங்குங்கள்.

நடனத்தை எழுத முறையான குறியீடுகள் இருக்கின்றன. ருடால்ஃப் லாபான் 1928இல் வெளியிட்ட முறை ஒன்று. பிரிட்டனில் பெனெஷ் தம்பதியர் 1950களில் உருவாக்கிய முறை இன்னொன்று. தெரிந்தால் பயன்படுத்துங்கள். தெரியாதவர்களுக்கு நான் சொல்வது நான்கு பத்தியாக நெடுக்குக் கோடு போட்ட சாதாரண நோட்டு:

முதல் பத்தியில் எண்ணிக்கை. இரண்டாவதில் மேடையில் நிற்கும் இடம். மூன்றாவதில் அசைவு உடம்பில் எங்கிருந்து கிளம்புகிறது: விலா, இடுப்பு, குதிகால், எதுவானாலும். நான்காவதில் மாஸ்டர் அந்த இடத்தில் சொன்ன வார்த்தை. பலர் முதல் இரண்டோடு நிறுத்திவிடுகிறார்கள். கை எங்கே இருக்கிறது என்பது வீடியோவில் தெரியும். அந்தக் கை ஏன் அங்கே போனது என்பது தெரியாது. ஆகவே மூன்றாவதும் நான்காவதும்தான் நீங்கள் மட்டும் கொடுக்கக்கூடியவை.

அமெரிக்க நவீன நடன அமைப்பாளர் மெர்ஸ் கன்னிங்ஹாம் 2009இல் மறைந்தார். அவருடைய குழு 2011 டிசம்பர் 31ஆம் தேதி கடைசியாக ஆடிவிட்டுக் கலைந்தது. அதற்கு முன்பே ஒவ்வொரு படைப்புக்கும் வீடியோ, ஒலி, ஒளிக்குறிப்பு, உடை வரைபடம், ஒத்திகைக் குறிப்பு எல்லாவற்றையும் ஒரே தொகுப்பாகத் திரட்டும் வேலையில் இறங்கியிருந்தார்கள். நம் அளவுக்கு ஒரு கோப்பும் ஒரு பென்டிரைவும் போதும். எல்லாம் ஒரே இடத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

வீடியோவைப் பார்க்கும்போது மிகவும் கவனம் தேவை. எங்கள் படைப்பு ஒன்றில் ஒரு பெண் சுழன்று இறங்கும்போது, பதிவு செய்த அன்று கால் வழுக்கி இடது கையைத் தரையில் ஊன்றிக்கொண்டாள். கண் இமைக்கும் நேரம்தான். அந்த ஒரு வீடியோவை வைத்துக் கற்ற அடுத்த குழு, கை ஊன்றுவதையும் படைப்பின் பகுதியாக எடுத்துக்கொண்டது. நான்கு ஆண்டுகள் அப்படியே ஆடினார்கள். நான் அதைக் கண்டுபிடிக்கவில்லை, ஏனென்றால் அந்த நேரத்தில் எதிர்மூலையில் முதுகைக் காட்டி நின்றவள் நான். வழுக்கியவளே வந்து பார்த்துவிட்டு, "அக்கா, அது நான் விழப்போனது" என்று சொன்ன பிறகுதான் தெரிந்தது.

ஆகவே வெவ்வேறு ஆட்கள் ஆடிய இரண்டு பதிவுகளாவது வேண்டும். மேடை முழுவதும் தெரியும்படி ஒரே இடத்தில் கேமராவை வைத்து எடுத்ததாக இருந்தால் நல்லது. அழகாக வெட்டி ஒட்டிய வீடியோவில் பாதி ஆட்கள் காணாமல் போயிருப்பார்கள். மற்ற பாத்திரங்களை ஆடியவர்களையும் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேளுங்கள். நோட்டில் எப்போதும் ஆடுபவரின் வலது, ஆடுபவரின் இடது என்றே எழுதுங்கள். திரையைப் பார்த்து எழுதினால் வலது இடதாகிவிடும், அதைத் திருத்த ஒரு முழு நாள் போகும்.

3. தரையும் கூரையும்

வெறும் சிமெண்டுத் தரையில் குதிக்கவும் விழவும் விடாதீர்கள். முழங்காலும் கணுக்காலும் கெட்டுப்போகும். நம் ஊர் மண்டபங்கள் பெரும்பாலும் சிமெண்டு அல்லது ஓடு பதித்தவை. மரச்சட்டம் அடித்து, மேலே பலகை போட்டு, அதன்மேல் நடனத்துக்கான வினைல் விரித்தால்தான் தரை கொஞ்சம் அமுங்கிக் கொடுக்கும். வினைலை மட்டும் சிமெண்டின் மேல் விரித்தால் வழுக்காது, அவ்வளவுதான். குதிக்கும் அதிர்ச்சி அப்படியே எலும்புக்குப் போகும். இதற்குப் பணமில்லை என்று குழு சொன்னால், விழும் பகுதிகளைப் பாயின் மேல் மட்டும் பழகுங்கள்.

தரையின் முன்விளிம்பில் டேப் ஒட்டி நடுவில் சுழியம், இரண்டு பக்கமும் ஒரு மீட்டருக்கு ஓர் எண் என்று எழுதுங்கள். ஒத்திகை மண்டபத்தில் மூன்றாம் எண்ணில் நின்றவர் எந்த மேடைக்குப் போனாலும் மூன்றாம் எண்ணைத் தேடிக்கொள்வார்.

நேரத்தைக் காலையில் வையுங்கள். தகரக் கூரை மண்டபத்தில் மதியம் இரண்டு மணிக்கு மேல் வெக்கை தாங்காது. நாலு மணிக்கு மழை பிடித்தால், கூரைச் சத்தத்தில் இசை ஒரு துளியும் கேட்காது. அப்படி ஒரு மழை நாள் எனக்கு நல்லதாகவே அமைந்தது, அதை ஆறாவது பகுதியில் சொல்கிறேன்.

20 நிமிடப் படைப்புக்கு நான் மூன்று வாரம் கேட்பேன், வாரத்துக்கு ஐந்து நாள், நாளுக்கு நான்கு மணி நேரம். இரண்டு வாரம்தான் முடியும் என்றால் குறுகிய படைப்பைக் கொடுங்கள். தீபாவளி, தைப்பூசம், பள்ளித் தேர்வுக் காலம் மூன்றையும் தவிர்த்துவிடுங்கள், ஆள் சேராது.

4. முதல் மூன்று நாள் அடி சொல்லித்தராதீர்கள்

இந்த மூன்று நாளைத்தான் எல்லாரும் மிச்சம் பிடிக்கப் பார்க்கிறார்கள். தயவுசெய்து பிடிக்காதீர்கள்.

பாலே உடம்பு மேல்நோக்கிப் பழகியது. தொடை வெளிப்பக்கம் திரும்பியிருக்கும், விலா தூக்கியிருக்கும், எடை நெஞ்சுக்கு மேலே நிற்கும். எங்கள் மாஸ்டரின் படைப்புகளில் பாதம் இரண்டும் இணையாக இருக்கும், முதுகெலும்பு வளையும், எடை இடுப்புக்குக் கீழே இறங்கும். பழைய பழக்கத்தின் மேல் புது அடியைப் போட்டால், பார்க்க அழகாக இருக்கும், ஆனால் படைப்பு அங்கே இருக்காது. பரதம் ஆடுபவர்களுக்குச் சொல்லித்தரும்போது சிக்கல் வேறு: முழங்காலை மடக்கிப் பாதி உட்காரும் அரைமண்டி பழகியதால் எடை ஏற்கெனவே கீழே இருக்கும், ஆனால் பாதம் தரையைத் தட்டிக்கொண்டே இருக்கும், சத்தமில்லாமல் வைக்க வராது.

என் அம்மா பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தில் பால் எடுத்தவர். காண்டா கம்பின் இரண்டு முனையிலும் வாளியைத் தொங்கவிட்டுத் தோளில் வைத்துப் பால் சுமப்பார். ஒரு சொட்டுச் சிந்தாது. அந்தக் கம்பு இன்னும் என்னிடம் இருக்கிறது. முதல் நாள் காலை இரண்டு வாளியிலும் முக்கால் அளவு தண்ணீர் நிரப்பி, மண்டபத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடக்கச் சொல்வேன்.

பாலே பயின்ற ஒரு பெண் முதல் முறை தூக்கியபோது நடந்ததைச் சொல்கிறேன். கழுத்தை நீட்டி, முன்பாதத்தில் நடந்தாள். நாலாவது எட்டில் வாளி ஊசலாடத் தொடங்கியது. தண்ணீர் முழங்காலில் தெறித்தது. பயந்து இன்னும் நிமிர்ந்தாள், இன்னும் சிந்தியது. நான் ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாவது முறை, தோள் வலித்துச் சலித்துப்போய், முழங்காலைத் தளர்த்தினாள். குதிகால் தரையில் முழுதாகப் பதிந்தது, இடுப்பு இறங்கியது, வாளி இரண்டும் அசையாமல் அவளோடு போயின. அந்த நிமிடம் கம்பை இறக்கச் சொல்லிவிட்டு, "இப்போ வாளி இல்லாம அதே மாதிரி நட" என்றேன். அந்த நடைதான் படைப்பின் முதல் காட்சி. அடி எதுவும் கற்காமலேயே அவள் பாதி கற்றுவிட்டாள்.

கம்பும் வாளியும் இல்லாதவர்கள் வேறு எதையாவது சுமக்கவைக்கலாம். சுமை நிஜமாக இருக்க வேண்டும். சுமப்பதுபோல் நினைத்துக்கொள் என்று சொன்னால் முகத்தில் நடிப்பு வரும், இடுப்பில் எடை வராது.

வெறுங்கால் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பாலே காலணிக்குள் இருந்த பாதத்தின் தோல் மெல்லியது. முதல் நாள் 20 நிமிடம் வெறுங்கால், அப்புறம் மெல்ல மெல்லக் கூட்டுங்கள். முதல் நாளே நான்கு மணி நேரம் ஆடவிட்டால் கொப்புளம் வெடித்து ஒரு வாரம் வீணாகும்.

5. பாத்திரத்தை நான்காம் நாள் பிரித்துக் கொடுங்கள்

முதல் நாளே யார் நன்றாக ஆடுகிறார் என்று பார்த்துக் கொடுத்தால், காலை உயரத் தூக்குகிறவருக்கே முக்கியப் பாத்திரம் போகும். மூன்று நாள் நடையையும் விழுவதையும் பார்த்த பிறகு கொடுங்கள். குழுத் தலைவர் தன் பட்டியலோடு வருவார். மரியாதையாகக் கேட்டுக்கொண்டு, நான்காம் நாள் பேசலாம் என்று சொல்லுங்கள். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் மாற்று ஆளையும் அன்றே சொல்லிவிட வேண்டும்.

6. எண்ணிக்கை முதலில், இசை பிறகு

முதல் வாரம் இசை போடாதீர்கள். இசை கேட்டால் ஆடுபவர் அதன்மேல் சாய்ந்துகொள்வார், தனக்குள் தாளம் ஓடுகிறதா என்பது அவருக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது.

பாலே வகுப்பில் எட்டு எட்டாக எண்ணிப் பழகியிருப்பார்கள். நவீனப் படைப்பில் ஏழு வரும், ஐந்து வரும், எண்ணவே முடியாத மூச்சும் வரும். ஏழு எண்ணிக்கையை "ஒன்று, இரண்டு" என்று எண்ணச் சொன்னால், ஏழாவதில் தயங்கி எட்டாவதற்குக் காத்திருப்பார்கள். நான் சொற்கட்டைக் கொடுத்துவிடுகிறேன்: ஏழுக்கு "தகிட தகதிமி", ஐந்துக்கு "தக தகிட". வாயால் சொல்லிக்கொண்டு நடக்க வேண்டும். மூன்றும் நான்கும் சேர்ந்ததுதான் ஏழு என்று உடம்புக்குப் புரிந்துவிட்டால் தயக்கம் போய்விடும். ஈப்போக் குழுவில் சீனப் பிள்ளைகளும் மலாய்ப் பிள்ளைகளும் இருந்தார்கள். இரண்டாம் நாள் ஓய்வு நேரத்தில் அவர்கள் படிக்கட்டில் உட்கார்ந்து தொடையில் தட்டித் தகிட தகதிமி சொல்லிக்கொண்டிருந்ததைப் பார்த்தபோது, இனி இந்தக் குழுவைப் பற்றிக் கவலையில்லை என்று நினைத்தேன்.

சரி, அந்த மழை நாள். இரண்டாம் வாரம், இசையோடு ஆடிக்கொண்டிருந்தபோது மழை பிடித்தது. ஒலிபெருக்கி கேட்கவில்லை. நிறுத்தவா என்று ஒரு பையன் சைகையில் கேட்டான். வேண்டாம் என்று கையைக் காட்டினேன். ஒருவர் மூச்சை ஒருவர் பார்த்து ஆடினார்கள். 12 பேரும் ஒன்றாகத் திரும்ப வேண்டிய இடத்தில் ஒன்றாகத் திரும்பினார்கள். அதன்பிறகு ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு நாளாவது இசையை நடுவில் அணைத்துவிட்டு ஆடவைக்கிறேன்.

7. தொடக்கத்திலிருந்து தொடங்காதீர்கள்

முதலிலிருந்து வரிசையாகக் கற்றால் முதல் ஐந்து நிமிடம் நூறு முறை ஆடப்பட்டிருக்கும், கடைசி ஐந்து நிமிடம் பத்து முறைகூட ஆடப்பட்டிருக்காது. கடினமான கூட்டப் பகுதியை முதலில் எடுங்கள். அப்போதுதான் மூளையும் காலும் புதிதாக இருக்கும். அடுத்து முடிவு. தொடக்கமும் தனி ஆட்டங்களும் அதற்குப் பிறகு. பகுதிகளை இணைக்கும் நடைகளுக்கு ஒரு நாள் ஒதுக்குங்கள். அங்கேதான் ஆட்கள் மோதிக்கொள்வார்கள்.

8. கண்ணாடியை மூடுங்கள்

ஸ்டூடியோவில் கண்ணாடி இருந்தால் துணி போட்டு மறைத்துவிடுங்கள். பாலே ஆடுகிறவர் தன் உருவத்தைப் பார்த்துத் திருத்திப் பழகியவர். கண்ணாடி இருக்கும்வரை தலை அந்தப் பக்கமே போகும். தலை போனால் எடையும் போகும். நீங்களும் அவர்களுக்கு முதுகைக் காட்டி நின்று சொல்லிக் கொடுங்கள், அப்போது வலது வலதாகவே இருக்கும். பழகிய பிறகு முன்பக்கத்தை மாற்றி, கதவைப் பார்த்து ஒரு முறை, சன்னலைப் பார்த்து ஒரு முறை ஆடச் சொல்லுங்கள். தடுமாறுகிறவர் சுவரை அடையாளம் வைத்து ஆடியவர்.

வீடியோவையும் மூன்றாம் வாரம் வரை கொடுக்க வேண்டாம். முன்பே கொடுத்தால் அதில் ஆடியவரின் முகத்தையும் கழுத்துச் சாய்வையும் எடுத்துக்கொள்வார்கள்.

9. எதைத் திருத்துவது, எதை விடுவது

நோட்டில் ஒவ்வொரு பகுதிக்கும் மூன்று நிறத்தில் குறி வையுங்கள். சிவப்பு: எக்காரணம் கொண்டும் மாறக்கூடாதது. பச்சை: ஆடுபவரின் உடம்புக்கு ஏற்ப மாறலாம். நீலம்: மாஸ்டர் அன்றன்று முடிவு செய்யச் சொல்லி விட்டது. இந்தப் பிரிவு இல்லாமல் போனால், எல்லாவற்றையும் திருத்தி ஆடுபவரைக் கல்லாக்கிவிடுவீர்கள், அல்லது எதையும் திருத்தாமல் விட்டுவிடுவீர்கள்.

நான் செய்த தவறு ஒன்று உண்டு. கடைசி மூன்று ஆண்டு எனக்கு வலது முழங்காலில் வலி. தரைக்கு முழுதாக விழ வேண்டிய ஓர் இடத்தில் பாதியில் நிறுத்தி உருண்டுவிடுவேன். மாஸ்டருக்கும் தெரியும், என் காலுக்காக அனுமதித்தார். பிறகு முதல் குழுவுக்குச் சொல்லித்தந்தபோது, என் உடம்புக்கு ஞாபகம் இருந்தது அந்தப் பாதி விழுதல்தான். அதையே கொடுத்துவிட்டேன். 22 வயதுப் பிள்ளைகள், நல்ல முழங்கால் உள்ளவர்கள், என் வலியை ஆடினார்கள். பழைய பதிவொன்றைப் பார்த்தபோது எனக்கு நெஞ்சு அடைத்துவிட்டது. போய் மன்னிப்புக் கேட்டு மாற்றிக் கொடுத்தேன். அதனால் உங்கள் கடைசிக் காலத்துப் பதிவை விட, படைப்பு முதலில் மேடையேறிய ஆண்டின் பதிவை முக்கியமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

திருத்தும்போது ஒரு முறைக்கு ஒரே விஷயம். "கை தாழ்ந்திருக்கிறது" என்று சொன்னால் கை மட்டும் உயரும். "விலாவிலிருந்து மூச்சை எடு" என்று சொன்னால் கை தானாகத் தன் இடத்துக்குப் போகும்.

10. மேடைக்கு மாறுவது

மேடையின் அகலத்தை முன்கூட்டியே கேட்டு, ஒத்திகைத் தரையில் அதே அளவுக்கு டேப் ஒட்டி, கடைசி மூன்று நாள் அதற்குள்ளேயே ஆடவையுங்கள். மேடை சிறியதாக இருந்தால் எடுத்து வைக்கும் எட்டின் நீளத்தைக் குறைக்கச் சொல்லுங்கள், எத்தனை எட்டு என்பதைக் குறைக்காதீர்கள். ஒளி இயக்குபவருக்கு இசையின் நிமிடக் கணக்கை மட்டும் கொடுக்காமல், எந்த அசைவில் விளக்கு மாற வேண்டும் என்பதையும் எழுதிக் கொடுங்கள். ஆடுபவர் ஒரு மூச்சு தாமதித்தால் விளக்கும் தாமதிக்க வேண்டும்.

மேடையேறும் நாளில் புதிதாக எதையும் திருத்தக் கூடாது. மேடையைத் துடைத்தார்களா என்று மட்டும் நீங்களே கையால் தடவிப் பாருங்கள்.

11. பொறுப்பை ஒருவரிடம் கொடுத்துவிட்டு வாருங்கள்

இரண்டாம் வாரத்திலேயே குழுவிலிருந்து ஒருவரைத் தேர்ந்து உங்கள் பக்கத்தில் உட்காரவையுங்கள். நன்றாக ஆடுபவரை விட, மற்றவர் ஆடுவதை உன்னிப்பாகப் பார்ப்பவர் இதற்குச் சரியான ஆள். நோட்டின் நகல் அவரிடம் இருக்கட்டும். நீங்கள் போன பிறகு அவர்தான் பார்ப்பார்.

ஆறு வாரம் கழித்து ஒரு நாள் திரும்பிப் போங்கள், இதையும் ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள். அதற்குள் விலா மறுபடி தூக்கியிருக்கும், குதிகால் மறுபடி மேலே போயிருக்கும். முழுப் படைப்பையும் ஆடச் சொல்ல வேண்டாம். முதல் காட்சி நடையை மட்டும் பாருங்கள். அது போயிருந்தால் அன்று வேறு எதையும் தொடாதீர்கள். வாளியில் தண்ணீரை நிரப்பச் சொல்லுங்கள். கம்பை நான் எப்போதும் காரிலேயே வைத்திருக்கிறேன்.